நகலைப் பார்த்தால் போதும்

எகிப்தின் லக்சர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில் அரசிகளின் பள்ளத்தாக்கு இருக்கிறது. இரண்டாம் ராம்சேஸின் பட்டத்தரசி நெஃபர்தாரிக்காக அங்கே பாறையைக் குடைந்து அமைத்த கல்லறையை 1904இல் இத்தாலிய ஆய்வாளர் எர்னெஸ்டோ ஸ்கியாபரெல்லி கண்டுபிடித்தார். புதையல் பொருள்களைத் திருடர்கள் என்றைக்கோ அள்ளிச் சென்றிருந்தார்கள். சுவர்களை மட்டும் அவர்களால் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. ஏறக்குறைய 520 சதுர மீட்டர் பரப்புக்கு ஓவியம்: கருநீலக் கூரையில் மஞ்சள் நட்சத்திரங்கள், மெல்லிய வெள்ளை ஆடைக்குள் தோல் நிறம் தெரிய நிற்கும் அரசி, எதிராளி இல்லாமல் தனியே அமர்ந்து அவள் ஆடும் செனெட் கட்டம். மூவாயிரம் ஆண்டுகளைத் தாண்டி வந்த இந்தச் சுவர்கள், கண்டுபிடிக்கப்பட்ட பிறகு பல பத்தாண்டுகள் பொதுமக்களுக்கு மூடியே கிடந்தன. அமெரிக்காவின் கெட்டி பாதுகாப்பு நிறுவனமும் எகிப்தின் தொல்லியல் துறையும் 1986 முதல் 1992 வரை சேர்ந்து உழைத்து அவற்றைக் காப்பாற்றின. 1995இல் திறந்தபோது நாளொன்றுக்கு 150 பேர் என்று வரம்பு வைத்தார்கள். 2003இல் மறுபடியும் மூடினார்கள். 2016இல் உயர்ந்த தனிக் கட்டணத்தோடு மறுபடியும் திறந்தார்கள். திறப்பதும் அடைப்பதுமான இந்த ஊசலாட்டத்துக்கு முடிவு கட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. நெஃபர்தாரி, அருகிலுள்ள மன்னர்களின் பள்ளத்தாக்கில் அடக்கமான துட்டன்காமன், முதலாம் சேத்தி ஆகிய மூவரின் கல்லறைகளையாவது பொதுப் பார்வைக்கு நிரந்தரமாக மூடிவிட்டு, வருவோருக்கு முழு அளவு நகலைக் காட்ட வேண்டும் என்பது என் வாதம்.

இந்த ஓவியங்கள் எப்படி உருவாயின என்று தெரிந்தால், மூடச் சொல்வது அதீத அச்சம் இல்லை என்பது புரியும். லக்சரின் மேற்கு மலை சுண்ணாம்புக்கல். பாறை நல்ல தரமாக இருந்த இடத்தில் நேரடியாகவே செதுக்கினார்கள். வெடிப்பும் நொறுங்கலுமாக இருந்த இடத்தில் மண்ணும் வைக்கோலும் கலந்த சாந்தை அப்பி, அதன்மேல் ஜிப்சம் பூச்சு கொடுத்தார்கள். காவியில் தோய்த்த நூலைச் சுண்டிக் கட்டம் போட்டு, சிவப்பில் உருவம் வரைந்து, தலைமை ஓவியர் கறுப்பில் திருத்தினார். ஹோரம்ஹெப் மன்னனின் கல்லறையில் வேலை பாதியில் நின்றதால், சிவப்புக் கோடு, கறுப்புத் திருத்தம், அரைகுறைச் செதுக்கல் என்று ஒவ்வொரு கட்டமும் அப்படியே தெரிகிறது. முடிந்த வேலையைவிட அந்த அரைகுறைச் சுவர் எனக்கு அதிகம் சொல்கிறது. நிறங்கள் பெரும்பாலும் தாதுக்கள்: காவி மண், கரி, சுண்ணாம்பு வெள்ளை, மணலும் செம்புத் தாதுவும் சுண்ணாம்பும் சேர்த்துச் சூளையில் சுட்டெடுத்த நீலம். இவற்றைச் சுவரோடு ஒட்டவைத்த பசை, நெஃபர்தாரி கல்லறையில் கருவேல இன மரத்தின் பிசின். ஈரச் சுண்ணத்தில் வரைந்து சாயம் சுவருக்குள்ளேயே இறுகிப்போகும் முறை இது அன்று. காய்ந்த பூச்சின் மேல் நீரில் கரையும் பசையால் நிற்கும் வண்ணம். வறட்சி நீடிக்கிறவரை அது நிற்கும். வறண்ட பாலைவனமே அதன் முதல் பாதுகாவலன்.

ஈரம் உள்ளே வந்தால் இரண்டாவது எதிரி எழுந்துகொள்கிறது: உப்பு. அந்தச் சுண்ணாம்புக்கல்லிலும் சாந்திலும் சமையல் உப்பு இயல்பாகவே இருக்கிறது. ஈரம் பட்டுக் கரைந்து, மேற்பரப்புக்கு வந்து, காய்ந்து படிகமாகும்போது அது பூச்சைப் பாறையிலிருந்து தள்ளிவிடுகிறது. கடலோர ஊர்களில் வீட்டுச் சுவர் உப்புப் பூத்துப் பொரிவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நெஃபர்தாரி கல்லறையில் நடந்தது இதுதான். பூச்சுக்கும் பாறைக்கும் நடுவே உப்புப் படிகங்கள் வளர்ந்து, ஓவியம் தகடு தகடாகப் பெயர்ந்தது. பாவ்லோ மோரா, லாரா மோரா தம்பதியின் தலைமையில் வந்த குழு, முழுச் சிகிச்சைக்கு முன்பே ஆயிரக்கணக்கான ஜப்பானியக் காகிதப் பட்டைகளை ஒட்டி, விழக் காத்திருந்த துண்டுகளைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஓய்வாக நிற்கும் ஒரு மனிதரின் மூச்சும் வியர்வையும் சேர்ந்து மணிக்கு ஐம்பது முதல் நூறு கிராம் நீரைக் காற்றில் விடும். படியேறி இறங்கி வியர்த்தவர் இன்னும் அதிகம் விடுவார். ஒரே வாசல் கொண்ட, காற்றோட்டமில்லாத குகைக்குள் இப்படி வரிசை வரிசையாக ஆள் போனால், பாலைவனத்துக்கு நடுவே நாமே ஒரு மழைக்காலத்தை உண்டாக்குகிறோம்.

உண்மையான மழையும் கல்லறைகளை அழித்திருக்கிறது, மனித மூச்சை மட்டும் ஏன் குற்றம் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். முதல் பாதி சரி. 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட இரண்டாம் துட்மோஸ் கல்லறை இதற்குச் சாட்சி. அடக்கம் முடிந்த கொஞ்ச காலத்திலேயே வெள்ளம் புகுந்துவிட்டது. நீலக் கூரையும் மஞ்சள் நட்சத்திரங்களும் துண்டு துண்டாகவே மிஞ்சியிருக்கின்றன. இரண்டாம் ராம்சேஸின் சொந்தக் கல்லறையையும் வெள்ளம் சிதைத்தது. சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில் இருக்கும் எஸ்னா களிப்பாறை நனைந்தால் உப்பிப் பெருத்து மேலுள்ள பாறையைப் பிளக்கும். ஆழமாகக் குடைந்த கல்லறைகளுக்கு அது ஓயாத ஆபத்து. 1994இல்கூட மன்னர்களின் பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளம் வந்தது. ஆனால் வெள்ளம் எப்போதாவது வருவது; அதற்குத் தடுப்புச் சுவர் கட்டலாம், வாசலை உயர்த்தலாம். மூச்சு தினமும் வருகிறது, அதுவும் நாம் சீட்டுக் கொடுத்து உள்ளே அனுப்பி வருகிறது. இயற்கையின் ஆபத்து ஒன்று இருக்கிறது என்பது, தடுக்கக்கூடிய ஆபத்தைச் சகித்துக்கொள்ளக் காரணமாகாது.

என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்று வேறொன்று உண்டு. துட்டன்காமன் கல்லறையின் சுவர்களில் பழுப்புப் புள்ளிகள் நிறைய. அவை பார்வையாளர்களால் வந்து பரவுகின்றன என்று நெடுங்காலம் அஞ்சினார்கள். 2009 முதல் பத்தாண்டுகள் அங்கே வேலை செய்த கெட்டி நிறுவனம், கண்டுபிடிப்புக் காலத்தில் ஹாரி பர்டன் எடுத்த புகைப்படங்களோடு புள்ளிகளை ஒப்பிட்டுப் பார்த்தது. அவை அன்றைக்கே இருந்தன. அதற்குப் பிறகு வளரவில்லை. அவற்றை உண்டாக்கிய நுண்ணுயிரிகள் என்றோ செத்துவிட்டன. இளம் மன்னன் எதிர்பாராமல் இறந்ததால், அவசரமாகத் தீட்டி, சாந்து உலரும் முன்பே கல்லறையை அடைத்திருக்கிறார்கள் என்பதே பொருத்தமான விளக்கம். ஆக, பெயர்பெற்ற அந்தக் குற்றச்சாட்டிலிருந்து சுற்றுலாப் பயணிகள் விடுதலை. இதை மறைத்துவிட்டு மூடல் வாதம் பேசுவது நேர்மையில்லை. ஆனால் அதே ஆய்வு, பயணிகளின் காலணியிலும் உடையிலும் வரும் தூசி ஓவியத்தின் மேல் படிவதையும், கூட்டத்தால் ஈரப்பதமும் கரியமில வாயுவும் ஏறி இறங்குவதையும் பதிவுசெய்தது. தூசி படிந்தால் துடைக்க வேண்டும். பிசினில் நிற்கும் வண்ணத்தை ஒவ்வொரு முறை துடைப்பதும் கொஞ்சம் வண்ணத்தை இழப்பதுதான். அதனால்தான் காற்றோட்டக் கருவியும் புதிய நடைமேடையும் அமைத்து 2019இல் பணியை முடித்தார்கள். கருவி ஓடுகிறவரை நல்லது. நிதி சுருங்கும் ஆண்டில், உதிரி பாகம் கிடைக்காத மாதத்தில் என்ன ஆகும்? மூவாயிரம் ஆண்டுச் சுவரின் ஆயுளை ஒரு மின்விசிறியின் ஆயுளோடு முடிச்சுப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

“மக்கள் பார்க்கத்தானே வரைந்தார்கள்?” என்ற கேள்விக்கு இங்கே பதில் சொல்லிவிட வேண்டும். மன்னர்களின் அடக்க அறைகளைப் பொறுத்தவரை, யாரும் பார்க்க அவை வரையப்படவில்லை. தேர் எல்–மதீனா என்ற கிராமத்தில் குடும்பத்தோடு வசித்த கைவினைஞர்கள், எண்ணி வழங்கப்பட்ட விளக்குத் திரிகளின் வெளிச்சத்தில் வேலை செய்தார்கள். வேலை முடிந்ததும், அடக்கம் நடந்ததும், வாசலை அடைத்து முத்திரையிட்டார்கள். இறந்த மன்னன் சூரியனோடு இரவின் பன்னிரண்டு மணி நேரத்தைக் கடந்து விடியலில் மீண்டெழ வேண்டும். அந்தப் பயணத்துக்குத் தேவையான தெய்வங்களும் வாயில்களும் சுவரில் குறைவில்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். துட்டன்காமனின் மேற்குச் சுவரில் கட்டத்துக்கு ஒன்றாக அமர்ந்திருக்கும் பன்னிரண்டு குரங்குகளும் அந்தப் பயணத்தின் முதல் மணிக்கு உரியவை. ரசிகனை எதிர்பார்த்து அவை அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. பிரபுக்கள், அதிகாரிகளின் கல்லறை விஷயம் வேறு. ரெக்மிரே, நக்த், மென்னா போன்றோரின் மேல்தளக் கூடங்கள் உயிரோடிருப்பவர்கள் வந்து படையல் வைத்து, பெயரைச் சொல்லி நினைவுகூர்வதற்காகவே திறந்து விடப்பட்டன. பழைய எகிப்திய எழுத்தர்களே இப்படிப்பட்ட கூடங்களுக்கு வந்து, பார்த்ததைப் புகழ்ந்து சுவரில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். எனவே அந்தக் கூடங்களைச் சுழற்சி முறையில் அளவோடு திறந்துவைக்க எனக்கு ஆட்சேபமில்லை. செங்கல் அறுப்பவர்களும் அறுவடைக்காரர்களும் நிறைந்த அந்தச் சுவர்கள்தான் சாதாரண எகிப்திய வாழ்க்கையை நமக்குக் காட்டுகின்றன. கூட்டமோ தங்க முகமூடி மன்னன் துட்டன்காமனின் அறைக்குத்தான் முண்டியடிக்கிறது.

நகல் என்றாலே போலி என்று முகம் சுளிக்கிறவர்கள், அந்த ஓவியர்களின் தொழிலையே மறந்துவிடுகிறார்கள். ‘அம்துவாத்’ என்ற மறுவுலக நூலின் காட்சிகள் கல்லறைக்குக் கல்லறை படியெடுக்கப்பட்டவை. மூன்றாம் துட்மோஸின் அடக்க அறையில் அதை வரைந்தவர்கள், மஞ்சள் பின்னணியில் குச்சி உருவங்களாக, விரித்து ஒட்டிய பாப்பிரஸ் சுருளைப் போலவே வரைந்திருக்கிறார்கள். மூலச் சுருளைப் பார்த்து எழுதிய படி என்பதை அவர்கள் ஒளிக்கவேயில்லை. சுவரில் போட்ட கட்டக் கோடுகளும் உடலின் அளவு விகிதத்தைத் தவறாமல் திரும்பத் திரும்பக் கொண்டுவரும் கருவிதான். ஒரே கை, ஒரே மேதை, ஒரே மூலம் என்ற பக்தி பிற்கால ஐரோப்பியக் கலைச் சந்தையின் சரக்கு. அதை நைல் கரையில் கொண்டுவந்து இறக்கி, சுவரின் உயிரைப் பணயம் வைத்து வழிபட வேண்டியதில்லை.

படியெடுப்பதற்கும் ஒரு இருண்ட வரலாறு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 1817இல் முதலாம் சேத்தியின் கல்லறையைத் திறந்த ஜியோவன்னி பெல்சோனி, ஈரமான பொருள்களைச் சுவரில் அழுத்தி அச்சு எடுத்தார். அச்சோடு வண்ணமும் வந்துவிட்டது. அந்த அச்சுகளையும் வரைபடங்களையும் வைத்து 1821இல் லண்டனின் பிக்காடிலியில் கல்லறை அறைகளின் நகலை அமைத்துக் காசு பார்த்தார். கல்லறை திறக்கப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1829இல், சித்திர எழுத்தின் புதிரை அவிழ்த்த அதே ஷாம்போலியோன் உளியோடு வந்து, ஒரு வாசலின் பக்கச் சிற்பத்தைப் பெயர்த்துப் பாரிஸுக்கு அனுப்பினார். அதன் ஜோடியை அவருடைய தோழர் ரோசெல்லினி ஃபுளோரன்ஸுக்குக் கொண்டுபோனார். ஒரே கதவின் இரண்டு தூண்கள் இன்று இரண்டு நாடுகளில் இருக்கின்றன. அசலின் மேல் வைத்த காதல் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? தூரிகையும் பொறுமையுமாக வந்தவர்கள் சுவருக்குக் கேடு செய்யவில்லை. 1891இல் 17 வயதில் பெனி ஹசன் கல்லறை ஓவியங்களைப் படியெடுக்க வந்த பையன்தான் பின்னாளில் துட்டன்காமனைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டர். நீனா டேவிஸும் நார்மன் டேவிஸும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் அச்சு அசலாக வரைந்துவைத்த பிரதிகளில் சில, பின்னர் சேதமுற்ற காட்சிகளுக்கு இன்று கிடைக்கும் நல்ல ஆதாரம்.

இன்றைய முறை இவை எதையும்விடப் பாதுகாப்பானது, சுவரைத் தொடுவதேயில்லை. மாட்ரிடைச் சேர்ந்த ஃபாக்டம் குழு துட்டன்காமனின் அடக்க அறையை லேசர் ஒளியாலும் நுண்புகைப்படத்தாலும் மில்லிமீட்டருக்கும் குறைவான நுணுக்கத்தில் பதிவுசெய்து, வெடிப்பு, பழுப்புப் புள்ளி, உதிர்ந்த மூலை உட்பட முழு அளவில் வார்த்தெடுத்தது. பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில், கார்ட்டர் வசித்த வீட்டுக்குப் பக்கத்தில், தரைக்கு அடியில் அதை அமைத்து 2014 ஏப்ரலில் திறந்தார்கள். அங்கே கல்லறையில் இல்லாத ஒன்றையும் பார்க்கலாம். அடக்க அறைக்குள் இருந்த பெரிய தங்கப் பேழைகளை வெளியே கொண்டுவரக் கார்ட்டர் தடுப்புச் சுவரை உடைத்தபோது, அதன்மேல் வரைந்திருந்த ஐசிஸ் தெய்வமும் பரிவாரத் தெய்வங்கள் மூன்றும் சுவரோடு போய்விட்டன. பர்டனின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து அந்தப் பகுதியை மீட்டுருவாக்கி நகலின் முன்னறையில் வைத்திருக்கிறார்கள். அசலுக்குள் போகிறவர் அந்தச் சுவரை ஒருபோதும் முழுதாகப் பார்க்க முடியாது. நகலில் பின்னாலிருந்து யாரும் தள்ளாமல், வேண்டியமட்டும் நின்று, வண்ணப் பூச்சின் திட்டுகளை எண்ணிப் பார்க்கவும் முடியும்.

மிகவும் உணர்வுபூர்வமான ஆட்சேபம்: பழைய ஓவியரின் கை தொட்ட அதே சுவருக்கு முன் நிற்கும் சிலிர்ப்பு நகலில் வராது. வராதுதான். அந்த இழப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சிலிர்ப்புக்கு உரிமை நம் தலைமுறைக்கு மட்டுமா? பிரான்சின் லாஸ்கோ ஓவியக் குகையைத் திறந்து 15 ஆண்டுகளில், பார்வையாளர்களின் மூச்சால் கெட்டுப்போகிறது என்று 1963இல் மூடினார்கள். அதன் நகல் 1983இல் திறந்தது, மக்கள் வந்தார்கள். அந்த நாட்டின் இன்னோர் ஓவியக் குகையான ஷோவே பொதுமக்களுக்குத் திறக்கப்படவே இல்லை, 2015இலிருந்து நகல்தான். பிரெஞ்சுப் பெருமிதம் இதனால் குன்றிவிடவில்லை.

பிழைப்பு பற்றிய ஆட்சேபம்தான் கனமானது. லக்சரில் வழிகாட்டி, படகோட்டி, ஓட்டுநர், ஆலபாஸ்டர் கல் கடைக்காரர் எல்லாருக்கும் சோறு போடுவது பயணிகள்தான். 1997 நவம்பரில் ஹட்ஷெப்சுத் கோயிலில் 62 பேர் கொல்லப்பட்ட பிறகும், 2011 புரட்சிக்குப் பிறகும் அந்த ஊர் எப்படி வற்றிப்போனது என்பது அவர்களுக்கு மறந்திருக்காது. 2024இல் எகிப்துக்கு ஏறத்தாழ 1.57 கோடிப் பயணிகள் வந்திருக்கிறார்கள்; இந்த ஓட்டத்தைத் தடுக்க யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் மூன்று கல்லறைகளை மூடுவது பள்ளத்தாக்கை மூடுவதாகாது. மன்னர்களின் பள்ளத்தாக்கில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகளும் குழிகளும் இருக்கின்றன. ஒரு சீட்டுக்கு மூன்று கல்லறை என்ற முறையும் சுழற்சியும் தொடரட்டும். நகலுக்கும் சீட்டு உண்டு, வழிகாட்டி உண்டு, வாகனம் உண்டு. உரிந்து விழுந்த சுவரைப் பார்க்க மட்டும் யாரும் வரப்போவதில்லை. இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். கல்லறைகளுக்கு மேல் தலைமுறைகளாக வாழ்ந்த குர்ணா கிராமத்தாரை, பாரம்பரியத்தைக் காக்கிறோம் என்று சொல்லி 2006இன் இறுதியிலிருந்து வெளியேற்றி வீடுகளை இடித்தார்கள். பாதுகாப்பின் பேரால் ஏழையின் வீட்டை இடிக்கத் துணிந்த அரசு, பயணியின் சீட்டில் கைவைக்கத் தயங்குவது என்ன நியாயம்?

நகல் தொழில் வெளிநாட்டார் கையில்தானே என்பவர்களுக்கு, கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாதி லக்சரில் கட்டிய ஸ்டோப்லேர் மாளிகையைச் செப்பனிட்டு, உள்ளூர் இளைஞர்களுக்கு முப்பரிமாணப் பதிவு கற்றுத்தரும் மையமாக்கியிருப்பதைச் சொல்லலாம். அடுத்த நகல்கள் லக்சரிலேயே, லக்சர்க்காரர்களாலேயே உருவாக வேண்டும். தேர் எல்–மதீனாவின் தொழில் அந்தக் கரைக்குத் திரும்பும்.

எகிப்து அரசு கையாண்டுவந்த வழி, நெஃபர்தாரிக்கும் சேத்திக்கும் சீட்டு விலையை ஏற்றிக் கூட்டத்தைக் குறைப்பது. இது பாதுகாப்பு வேடம் போட்ட வசதிக்காரர் வரிசை. எகிப்தியருக்குச் சலுகைக் கட்டணம் உண்டென்றாலும், வெளியிலிருந்து வருபவருக்குப் பணம்தான் வாசல். பணக்காரரின் மூச்சிலும் அதே ஈரம்தான். யாரையாவது உள்ளே விட்டே ஆக வேண்டுமென்றால் ஸ்பெயினின் அல்தமிரா குகையைப் பின்பற்றலாம்: 2014 முதல் வாரத்துக்கு ஐந்து பேர், அதுவும் குலுக்கல் முறையில். அந்த ஐந்தில் ஒரு இடம் லக்சர் பள்ளி மாணவருக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பேன். ஆய்வாளருக்கும் பழுதுபார்ப்பவருக்கும் வாசல் எப்போதும் திறந்திருக்கட்டும். சேத்தியின் கல்லறைப் பதிவு வேலையை முடித்து, பாரிஸுக்கும் ஃபுளோரன்ஸுக்கும் போன துண்டுகளையும் சேர்த்து முழு நகலை எழுப்பும் செலவை, அந்தத் துண்டுகளை வைத்திருக்கும் அருங்காட்சியகங்கள் ஏற்க வேண்டும். இரண்டு நூற்றாண்டுகளாகக் காட்டிச் சம்பாதித்தவர்களுக்கு இது பெரிய தொகையில்லை.

தமிழ்நாட்டிலிருந்து எகிப்துக்குச் சுற்றுலா போகிறவர்கள், உங்கள் பயண நிரலில் கார்ட்டர் வீட்டுப் பக்கத்து நகல் கல்லறை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லுங்கள். துட்டன்காமன் கல்லறைக்கான தனிச் சீட்டை வாங்காமல் விட்டுவிடுங்கள்.